டிரான்ஸ்ஃபர் மாணவருக்குப் பெர்க்லியா, யூ.சி.எல்.ஏ.வா? ஒரு தாயின் மதிப்பீடு

ஏப்ரல் மாதக் கடைசியில், சில நாள் இடைவெளியில், என் மகளுக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாகங்களிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்தது. ஒன்று பெர்க்லி, மற்றது லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள யூ.சி.எல்.ஏ. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஒரு சமுதாயக் கல்லூரியில் (கம்யூனிட்டி காலேஜ்) இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, புள்ளியியலை முதன்மைப் பாடமாக எடுத்து நேரே மூன்றாம் ஆண்டில் சேர அவள் விண்ணப்பித்திருந்தாள். இப்படி இடையில் மாறி வருபவர்களைத்தான் டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் என்கிறார்கள். ஜூன் 1ஆம் தேதிக்குள் இரண்டில் ஒன்றுக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும். கையில் இருந்தது ஐந்து வாரம். அதற்குள் இரண்டு வளாகங்களையும் நேரில் போய்ப் பார்த்தோம். இரண்டு இடங்களிலும் படிக்கிற பிள்ளைகளிடம் பேசினோம். பாடத்திட்டங்களை அச்சிட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து ஒப்பிட்டோம். அந்த ஒப்பீட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் வீடு பெர்க்லியிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. ஒரு தாய்க்கு அது எவ்வளவு பெரிய சாய்வு என்பதை வாசிப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொண்டே மேலே படிக்கலாம்.

முதலில் இந்த வழியைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மவர்களிடையே சமுதாயக் கல்லூரி என்றாலே முகம் சுருங்கும். மகள் அங்கே சேர்ந்தபோது என் நாத்தனார் தொலைபேசியில், “ஏன் அண்ணி, வேற எங்கயும் கிடைக்கலையா?” என்று கேட்ட தொனி இன்னும் காதில் இருக்கிறது. உண்மையில் இது மாநிலமே திட்டமிட்டுப் போட்ட பாதை. 1960ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டம், உயர்நிலைப் பள்ளியில் மேல் எட்டில் ஒரு பங்கினரைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும், மேல் மூன்றில் ஒரு பங்கினரைக் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் என்ற இன்னோர் அமைப்புக்கும் ஒதுக்கியது. சமுதாயக் கல்லூரிகளை எல்லோருக்கும் திறந்துவிட்டு, அங்கிருந்து மேலே ஏறவும் வழி வைத்தது. இன்று மாநிலத்தில் 116 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. கலிஃபோர்னியவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் அலகு அது) 46 டாலர் கட்டணம். மாறிச் செல்லத் தேவையான 60 செமஸ்டர் யூனிட்டுக்கும் சேர்த்தால் 2,760 டாலர்தான் ஆகிறது. பெர்க்லியிலோ யூ.சி.எல்.ஏ.விலோ ஒரே ஆண்டின் கல்விக் கட்டணம் அதைப்போல் பல மடங்கு. கடைசியில் கைக்கு வரும் பட்டத்தில், முதலாண்டிலேயே சேர்ந்தவருக்கும் இடையில் வந்தவருக்கும் எந்த வேறுபாடும் இராது.

கட்டணத்தை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டும் ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் என்பதால் அடிப்படைக் கல்விக் கட்டணம் ஒன்றேதான். வளாகக் கட்டணங்களில் சிறு வேறுபாடு உண்டு. இந்தியாவிலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ வருபவர்கள் கூடுதலாகக் கட்ட வேண்டிய தொகை 2024-25ஆம் கல்வியாண்டில் 34,200 டாலராக இருந்தது. அதுவும் இரண்டு இடத்துக்கும் பொது. தரவரிசையும் உதவவில்லை. யூ.எஸ். நியூஸ் இதழின் 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் இரண்டும் 15ஆம் இடத்தைச் சேர்ந்தே பிடித்தன. அதற்கு அடுத்த ஆண்டுகளில் இடம் ஓரிரண்டு முன்பின்னாக நகர்ந்ததை வைத்து ஒரு பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பவர்களுடன் வாதிட எனக்குத் தெம்பில்லை.

சேர்க்கை விகிதம் என்ற எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விண்ணப்பிக்கும் நிலையில் இருப்பவர்களை அதிகம் குழப்புவது அதுதான். டிரான்ஸ்ஃபர் விண்ணப்பதாரர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இடம் கிடைக்கிறது என்பது இரண்டு வளாகங்களுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மொத்த எண் எப்படி ஏமாற்றும் என்பதற்குப் பெர்க்லியே உலகப் புகழ் பெற்ற எடுத்துக்காட்டு. 1973ஆம் ஆண்டு அங்கே மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. பெண்களுக்கு அநீதி நடந்திருக்கிறது என்றே தோன்றும். துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. இடம் குறைந்த, போட்டி மிகுந்த துறைகளுக்குப் பெண்கள் கூடுதலாக விண்ணப்பித்திருந்ததே காரணம். பீட்டர் பிக்கலும் உடன் ஆய்வாளர்களும் 1975இல் சயன்ஸ் இதழில் எழுதிய அந்தக் கட்டுரை இன்று புள்ளியியல் முதலாண்டுப் பாடங்களில் இடம்பெறுகிறது. டிரான்ஸ்ஃபர் சேர்க்கையும் இப்படித்தான். கணினி அறிவியலுக்கும் மானுடவியலுக்கும் சேர்த்துப் போட்ட சராசரியால் யாருக்கும் பயனில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தன் இணையதளத்தில் வளாகவாரியாக, பாடவாரியாக, சேர்ந்தவர்களின் மதிப்பெண் வரம்போடு இந்த விவரங்களை வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் விண்ணப்பம் போடுவது விலை கேட்காமல் புடவை எடுப்பதைப் போன்றது.

விண்ணப்பிக்கும்போது இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், குறிப்பிட்ட மதிப்பெண்ணும் பாடங்களும் முடித்தவர்களுக்கு இடத்துக்கு முன்கூட்டியே உறுதி தருகின்றன. பெர்க்லியும் யூ.சி.எல்.ஏ.வும் அப்படி எந்த உறுதியும் தருவதில்லை. யூ.சி.எல்.ஏ. மட்டும், டாப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கூட்டுத் திட்டத்தின்கீழ், சில சமுதாயக் கல்லூரிகளில் சிறப்புப் பாடங்களை முடித்தவர்களுக்கு முன்னுரிமை தருகிறது. ஆகவே இவ்விரண்டையும் குறிவைப்பவர்கள் உறுதி தரும் ஆறில் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவதே புத்திசாலித்தனம். எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதை அசிஸ்ட் என்ற மாநில இணையதளத்தில் நாமே பார்க்க வேண்டும். ஓர் ஆலோசகரின் சொல்லை மட்டும் நம்பி மகள் ஒரு பருவம் முழுவதும் படித்த கணிதப் பாடம், இரண்டு வளாகங்களிலும் அவளுடைய முதன்மைப் பாடத்துக்கான முன்தேவையாக ஏற்கப்படாத ஒன்று. எந்தக் கல்லூரி, எந்த ஆலோசகர் என்பது இங்கே தேவையில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு இருப்பது இரண்டே ஆண்டுகள். முதலாண்டில் சேர்ந்தவருக்கு ஒரு பருவம் சறுக்கினாலும் நிமிர்ந்துகொள்ள நேரம் உண்டு. இடையில் வருபவருக்கு அது கிடையாது. ஆகவே எந்த வளாகம் உயர்ந்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்த இரண்டு ஆண்டுகளை எந்த வளாகம் எப்படிச் செலவழிக்க வைக்கிறது என்று கேட்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். அப்படிக் கேட்டவுடன் முதலில் கண்ணில் படுவது நாட்காட்டி. பெர்க்லி செமஸ்டர் முறையில் நடக்கிறது, யூ.சி.எல்.ஏ. காலாண்டு முறையில் நடக்கிறது. (ஆங்கிலத்தில் இதைக் குவார்ட்டர் என்பார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு மணம் உண்டு என்பதால் காலாண்டு என்றே எழுதுகிறேன்.) சம்பிரதாயமான வேறுபாடுபோல் தோன்றினாலும், இரண்டு ஆண்டு மட்டுமே இருப்பவரின் வாழ்க்கையை இதைப்போல் மாற்றுவது வேறெதுவும் இல்லை.

யூ.சி.எல்.ஏ.வில் ஓர் ஆண்டுக்கு மூன்று காலாண்டுகள். ஒவ்வொன்றிலும் பத்து வாரம் வகுப்பு, பதினொன்றாம் வாரம் இறுதித் தேர்வு. மூன்றாம் அல்லது நான்காம் வாரத்திலேயே முதல் இடைத்தேர்வு வந்துவிடும் என்று அங்கே நாங்கள் சந்தித்த மாணவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பெர்க்லியில் ஒரு செமஸ்டர் அதைவிட நீளம். வகுப்புகள் முடிந்து தேர்வு தொடங்கும் முன் ஒரு வாரம் முழுவதையும் படிப்பதற்கென்றே ஒதுக்கிவிடுகிறார்கள். சமுதாயக் கல்லூரியிலிருந்து பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறுபவர்களின் மதிப்பெண் முதல் பருவத்தில் சரிவதைக் கல்வியாளர்கள் டிரான்ஸ்ஃபர் ஷாக் என்றே பெயரிட்டு அழைக்கிறார்கள். அந்த அதிர்ச்சியிலிருந்து தெளிய பெர்க்லியில் இடமுண்டு. ஆறாம் வாரத்தில் விழித்துக்கொண்டாலும் பாதிக்கு மேல் பருவம் மிச்சமிருக்கும். யூ.சி.எல்.ஏ.வில் ஆறாம் வாரத்தில் விழிப்பவருக்கு மிச்சம் நான்கு வாரம்.

ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டால் வேறொரு நியாயம் கிடைக்கிறது. பெர்க்லியில் ஒரு பருவம் கெட்டுப்போனால் மொத்தப் படிப்பில் கால் பங்கு கெட்டுப்போகிறது, யூ.சி.எல்.ஏ.வில் ஆறில் ஒரு பங்குதான். சமுதாயக் கல்லூரியில் எடுத்த மதிப்பெண்கள் இங்கே சேர்வதில்லை; யூனிட்டுகள் மட்டுமே வருகின்றன. சராசரி பூஜ்யத்திலிருந்து புதிதாகத் தொடங்குகிறது. எண்ணிக்கையில் குறைந்த பாடங்களை வைத்தே அந்தச் சராசரி அமையும்போது, ஒரு பாடம் இழுத்துவிடும் சுமை பெர்க்லியில் கூடுதல். காலாண்டு முறையில் பாடங்களின் எண்ணிக்கை மிகுதி. பிடிக்காத ஒன்று பத்து வாரத்தில் ஒழிந்துபோகும். பிடித்ததை இன்னும் இரண்டு எடுத்துப் பார்க்கலாம். எதில் தன் நாட்டம் என்று இன்னும் உறுதி இல்லாத பிள்ளைக்கு இது உண்மையான வசதி. டி ஆன்சா, ஃபுட்ஹில் ஆகிய சமுதாயக் கல்லூரிகளே காலாண்டு முறையில் நடப்பவை. அங்கிருந்து போகிறவர்களுக்கு யூ.சி.எல்.ஏ.வின் வேகம் புதிதாக இராது. என் மகள் படித்தது செமஸ்டர் முறையில்.

நாட்காட்டியின் இரண்டு முனைகளையும் கவனிக்க வேண்டும். பெர்க்லி ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி மே மாத நடுவில் முடிகிறது. யூ.சி.எல்.ஏ. செப்டம்பர் கடைசியில் தொடங்கி ஜூன் நடுவில்தான் முடிகிறது. அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப்புக்குப் பெரிய நிறுவனங்கள் ஆள் எடுப்பது இலையுதிர்காலத் தொடக்கத்திலேயே நடக்கிறது. டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு வாய்ப்பது ஒரே ஒரு கோடை. அதை விட்டால் அடுத்தது பட்டம் வாங்கிய பின்தான். பெர்க்லியில் சேர்ந்தவர் செப்டம்பரில் வேலைவாய்ப்புச் சந்தைக்குப் போகும்போது ஒரு மாதமாவது வளாகத்தில் நடமாடியிருப்பார். யூ.சி.எல்.ஏ. மாணவர் அப்போது பெட்டியைப் பிரித்துக்கொண்டிருப்பார். ஜூன் நடுவில் முடிவதைக் கணக்கில் கொண்டு பிந்தைய தொடக்கத் தேதி தரும் நிறுவனங்கள் பல உண்டு என்பதால் அந்த முனை அவ்வளவு சிக்கல் இல்லை. தொடக்க முனைதான் சிக்கல்.

மேற்படிப்புக்குச் செல்ல நினைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. முனைவர் பட்ட விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் போக வேண்டும். அப்போது பெர்க்லி மாணவர் கையில் முடிந்த பருவங்கள் இரண்டு, யூ.சி.எல்.ஏ. மாணவர் கையில் மூன்று. எண்ணிக்கையில் யூ.சி.எல்.ஏ. முந்துகிறது. ஆனால் விண்ணப்பத்தின் உயிர் பரிந்துரைக் கடிதத்தில் இருக்கிறது. ஒரு பேராசிரியர் ஒரு மாணவரைப் பதினான்கு, பதினைந்து வாரம் பார்ப்பதும் பத்து வாரம் பார்ப்பதும் ஒன்றல்ல. என் மகளைப் போல் முதல் மாதம் முழுவதும் வாய் திறக்காத பிள்ளைக்கு இது பெரிய வேறுபாடு.

துறையைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை. போலந்திலிருந்தும் லண்டனிலிருந்தும் பெயர் பெற்று வந்த புள்ளியியலாளர் ஜெர்சி நெய்மன் 1938இல் பெர்க்லிக்கு வந்து புள்ளியியலை அங்கே ஊன்றினார்; 1955இல் அது தனித் துறையானது. புகழ்பெற்ற புள்ளியியலாளர் டேவிட் பிளாக்வெல் பாடம் சொன்ன துறை அது. அவர் பெயரில் 2018இல் ஒரு மாணவர் விடுதியும் எழுந்தது. அதே ஆண்டில் தரவு அறிவியல் என்ற இளங்கலைப் பாடத்தையும் தொடங்கினார்கள். இப்போது புள்ளியியல் துறை, கணினியியலுக்கும் தரவு அறிவியலுக்குமாக 2023இல் உருவான புதிய கல்லூரிக்குள் இருக்கிறது. இத்தனை பெருமையும் பல ஆண்டுகளாகக் குடியிருந்த எவன்ஸ் ஹால் என்ற கான்கிரீட் கட்டடத்தைப் பார்த்தால் மட்டும் சற்றுத் திகைக்க வேண்டியிருக்கிறது. நிலநடுக்கத்தைத் தாங்கும் திறனில் மோசம் என்று மதிப்பிடப்பட்டு, இடிப்பதற்கென்று குறித்துவைக்கப்பட்ட கட்டடம் அது. ஹேவர்ட் நிலப்பிளவு வளாகத்தின் ஊடாகவே ஓடுகிறது. கால்பந்து அரங்கம் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நிகழ்தகவு கற்கப் பொருத்தமான இடம்தான் என்று மகள் சொன்னாள்.

யூ.சி.எல்.ஏ.வின் புள்ளியியல் துறை இளையது. 1998இல் தனித் துறையானது. இளமை குறையல்ல. அதன் பாடத்திட்டம் டிரான்ஸ்ஃபர் மாணவருக்குத் தெளிவாக இருக்கிறது: நிகழ்தகவு, கணிதப் புள்ளியியல், நேரியல் மாதிரிகள் என்று 100ஏ, 100பி, 100சி மூன்றும் தொடர்ச்சியாக வருகின்றன, இலையுதிர்காலத்தில் முதலாவதைப் பிடித்துவிட்டால் ஓர் ஆண்டில் அடித்தளம் முடிந்துவிடும். காரண காரிய உறவைக் கணிதமாக்கி 2011இல் கணினியியலின் உயரிய டூரிங் விருது பெற்ற ஜூடியா பெர்ல் அந்த வளாகத்துக் கணினித் துறையைச் சேர்ந்தவர். கணிதத் துறையில் உலகப் புகழ் பெற்ற கணிதவியலாளர் டெரன்ஸ் டாவ் இருக்கிறார். ஆனால் இளங்கலையின் கடைசி இரண்டு ஆண்டுகளில் ஒரு மாணவி இத்தகைய பெயர்களின் நிழலில் நிற்பது அரிது. அவளுக்கு வேண்டியது நல்ல பாடங்கள் நிறைய நடக்கும் துறை; அந்த வளம் பெர்க்லியில் கூடுதல் என்பது என் கணிப்பு. பெர்க்லியிலும் நிகழ்தகவுப் பாடமான 134ஐயோ அதற்கு ஈடான ஒன்றையோ முடித்த பிறகே அடுத்த பாடமான 135க்குச் செல்ல முடியும். முதல் செமஸ்டரில் 134க்கு இடம் கிடைக்காமல் காத்திருப்போர் பட்டியலில் நின்றால் எல்லாமே அரை ஆண்டு தள்ளிப்போகும். பாடப் பதிவு இரண்டு வளாகங்களிலும் இரண்டு சுற்றாக நடக்கிறது. முதல் சுற்றில் எதைப் பிடிக்க வேண்டும் என்பதைக் கோடையிலேயே முடிவுசெய்துவிட வேண்டும்.

பிற பாடங்களை எடுப்பவர்களுக்கு என் ஒப்பீடு அப்படியே பொருந்தாது. வணிகம் படிக்க விரும்புவோருக்குப் பெர்க்லியில் ஹாஸ் வணிகப் பள்ளி உண்டு, யூ.சி.எல்.ஏ.வில் இளங்கலை நிலையில் வணிகப் பட்டமே கிடையாது, பொருளியல் துறையின் வணிகப் பொருளியல்தான் உண்டு. திரைக்கலைக்கும் செவிலியர் படிப்புக்கும் யூ.சி.எல்.ஏ.வை யோசிக்காமல் சொல்லலாம். வேதியியலுக்குத் தனிக் கல்லூரியே வைத்திருப்பது பெர்க்லி.

தங்குமிடத்துக்கு வருவோம். இந்த ஒரு விஷயத்தில் யூ.சி.எல்.ஏ. வெகுதூரம் முன்னால் நிற்கிறது. முதலாண்டில் சேர்பவர்களுக்கு நான்கு ஆண்டும், டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு இரண்டு ஆண்டும் விடுதி உறுதி என்று 2022இல் அறிவித்தது. இந்தப் பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் இப்படி முழுக் காலத்துக்கும் உறுதி தந்தது அதுவே முதலாவது. டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு இரண்டு ஆண்டு என்றால் படிப்பு முழுவதும் என்று பொருள். ஓர் அறையில் மூவர் என்பது அங்கே சாதாரணம், கட்டில்மேல் கட்டில். ஆனாலும் சாவியும் சாப்பாடும் தலைவலி இல்லாமல் கிடைக்கின்றன. அந்தச் சாப்பாடு நாடறிந்தது. நாங்கள் போன அன்று மதியம் மகள் சாப்பிட்ட அளவைப் பார்த்து, முடிவு அங்கேயே எடுக்கப்பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

பெர்க்லியின் வீட்டுப் பஞ்சம் ஊரறிந்த கதை. 2022 மார்ச்சில், அக்கம்பக்கத்தார் தொடுத்த வழக்கில், புதிய மாணவர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் நீதிமன்ற ஆணையை மாநில உச்ச நீதிமன்றம் நிறுத்த மறுத்தது. சட்டமன்றம் அவசரமாகக் கூடி, அதே மாதத்தில் ஒரு சட்டம் இயற்றி அதை நீக்க வேண்டியிருந்தது. மக்கள் பூங்கா என்ற இடத்தில் விடுதி கட்டும் திட்டம் 2024 ஜூனில் அதே உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பால்தான் வழக்கிலிருந்து விடுபட்டது. இவ்வளவுக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு ஒரு நல்லதும் நடந்திருக்கிறது. ஹெலன் டில்லர் அறக்கட்டளையின் நன்கொடையில், வளாகத்தின் மேற்கு எல்லைக்கு எதிரே, ஆங்கர் ஹவுஸ் என்ற விடுதி 2024இல் திறக்கப்பட்டது. 772 படுக்கைகள், டிரான்ஸ்ஃபர் மாணவர்களை முதன்மையாக நினைத்தே கட்டியது. அடுக்குமாடி வீடுகளைப் போல் சமையலறையோடு அமைந்திருக்கிறது. சமையலறை இருந்தால் வத்தக்குழம்பு இருக்கும். ஆனால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் வந்து சேரும் இடத்தில் 772 போதாது. இடம் கிடைக்காதவர்கள் வெளியில் வீடு தேட வேண்டும். வாடகை விரிகுடாப் பகுதி வாடகை. வீட்டிலிருந்து தொலைவில், தனியாக, முதன்முறையாகக் குடியேறும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய கவலை இல்லை. வெளி மாநிலத்திலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வருபவருக்கு நான் யூ.சி.எல்.ஏ.வைச் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஊர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெர்க்லியில் வளாகத்து வாசலிலிருந்து சில நிமிட நடையில் பார்ட் ரயில் நிலையம். வண்டி இல்லாமல் சான் பிரான்சிஸ்கோ வரை போய் வரலாம். யூ.சி.எல்.ஏ. இருக்கும் வெஸ்ட்வுட் அழகான, வசதியான, விலை மிகுந்த பகுதி; அங்கே சுரங்க ரயிலைக் கொண்டுவரும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. ராய்ஸ் ஹாலின் முன் வெயிலில் நின்றால் எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பதுபோலத் தோன்றுகிறது. பெர்க்லியின் ஸ்பிரௌல் சதுக்கத்தில் நின்றால் எல்லோரும் எதற்காகவோ வாதிடுவதுபோலத் தோன்றுகிறது. 1964இல் பேச்சுரிமை இயக்கம் எழுந்த இடம் அது. கோயிலுக்குப் போகிறவர்களுக்கு யூ.சி.எல்.ஏ. பக்கம் மாலிபு வேங்கடேசுவரர், பெர்க்லி பக்கம் லிவர்மோர் சிவ விஷ்ணு ஆலயம்.

தமிழர் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. பெர்க்லியில் தமிழ் இருக்கை உண்டு. 1990களில் அமெரிக்கத் தமிழர்கள் பணம் திரட்டி அமைத்தது. அதில் அமர்ந்த ஜார்ஜ் ஹார்ட், தமிழ் செம்மொழி என்பதை விளக்கி 2000ஆம் ஆண்டு எழுதிய கடிதம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இந்திய அரசு அதை 2004இல் அறிவித்தது. புள்ளியியல் படிக்கப் போகும் பெண் புறநானூற்றுக்காக வளாகத்தைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பெர்க்லி வளாகத்தில் அந்தத் துறை இருக்கும் பக்கமாக அவளைச் சுற்றிக்கொண்டு நடத்திச் சென்றேன். அவள் கவனித்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கென்றே தனி மையம் இரண்டு வளாகத்திலும் உண்டு. யூ.சி.எல்.ஏ.வில் அது கெர்க்ஹாஃப் ஹாலில் இருக்கிறது. இடையில் வந்தவர்களையும் முதலாண்டுக்காரர்களைப் போலவே வரவேற்பதில் அவர்கள் கூடுதல் சிரத்தை காட்டுவதாகவே எனக்குப் பட்டது. மே மாதத்தில் டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கென்றே ஒரு நாளை ஒதுக்கிக் குடும்பத்தோடு அழைக்கிறார்கள். பெர்க்லியின் பெரிய திறப்பு நாளோ ஏப்ரலில், டிரான்ஸ்ஃபர் முடிவுகள் வரும் பருவத்திலேயே நடந்துமுடிந்துவிடுகிறது. நாங்கள் அங்கே போனது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, யாரும் கைகுலுக்கவில்லை. ஆனால் ஓர் ஆய்வு நேர வகுப்பின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஏழெட்டு மாணவர்கள் ஒரு கணக்கின் முன் திணறிக்கொண்டிருந்ததை மகள் பத்து நிமிடம் வெளியிலிருந்தே பார்த்தாள்.

மதிப்பெண் போடச் சொன்னால், செமஸ்டர் கல்லூரியிலிருந்து, தான் எதைப் படிக்கப் போகிறேன் என்று உறுதியாகத் தெரிந்து, வீடு ஓரளவு பக்கத்தில் இருந்து, புள்ளியியலோ கணிதமோ படிக்க வருபவருக்குப் பெர்க்லிக்கு ஐந்தில் நான்கரையும் யூ.சி.எல்.ஏ.வுக்கு நான்கும் தருவேன். காலாண்டு முறைக்குப் பழகியவர், பாடத்தில் இன்னும் தேடிக்கொண்டிருப்பவர், தங்குமிடக் கவலையைச் சுமக்க முடியாதவர் ஆகியோருக்கு அந்த எண்களை இடம் மாற்றிக்கொள்ளலாம். பெர்க்லியிடம் நான் கழித்த அரை மதிப்பெண் முழுவதும் விடுதிக்காக.

மே 31 இரவு பதினோரு மணிக்கு மகள் பெர்க்லிக்குச் சம்மதம் சொன்னாள். நான் தயாரித்துவைத்திருந்த காரணங்கள் எதையும் அவள் கேட்கவில்லை. அந்தத் திறந்த கதவைப் பற்றி மட்டும் சொன்னாள். யூ.சி.எல்.ஏ.வின் கடிதத்துக்கு மறுப்புத் தெரிவித்தபோது, அந்தச் சாப்பாட்டை நினைத்துப் பெருமூச்சு விட்டதும் அவள்தான். அன்றிரவே விடுதி விண்ணப்பத்தைத் திறந்து ஆங்கர் ஹவுஸை முதல் விருப்பமாகக் குறித்தாள். பதில் ஜூலையில் வரும் என்றார்கள். அதுவரை வாடகை வீடுகளைப் பார்த்துவைக்கும் வேலை என்னுடையது.